பாலித் தீவின் வாயிற்காவலும் மறக்கருணையும்

சாவகத்தின் கிழக்கே கிடக்கும் பாலித் தீவில் இல்லமொன்றினுட் புகுவார்க்கு முதற்கண் தோன்றுவார் பெரும்பாலும் வாயிலின் இருமருங்கும் நிற்கும் கற்காவலர் இருவரே. பிதுங்கிய விழியும், இதழ் கடந்த கோரைப்பல்லும், கையிற் கதையும் உடையராய் அவர் நிற்பர். கருமையும் வெண்மையும் கட்டங்கட்டமாய் அமைந்த ஆடை அவர் அரையிற் சுற்றப்பட்டிருக்கும். அதனைப் போலெங் என்ப. வாயில் கடந்தவுடன் எதிரே சிறுமதிலொன்று குறுக்கிடும். தீயவை நேரே செல்லுமன்றி எளிதிற் திரும்பமாட்டா என்பது அந்நாட்டார் கொள்கையாதலின், அவற்றை மறித்தற்கு எழுப்பிய அம்மதில் ஆலிங் ஆலிங் எனப் பெயர்பெறும். இத்துணைக் காவல் செய்துகொண்ட இல்லத்தாரே, சிறிது சோறும் உப்பும் இஞ்சியும் வெங்காயமும் இலையில் வைத்து, பூதகாலர்க்கென்று வாயில் நிலத்தில் இடுகின்றனர். எவர் வாராமைப் பொருட்டுக் காவல் வைத்தனரோ அவர்க்கே உணவு! காப்பவரோ எனின், அவரும் அரக்க வடிவினர். இஃது அறியாமையோ, அன்றி உட்பொருள் உடையதோ என்பது ஆராயற்பாலது.

கல் காக்குமோ எனின், காக்காது. பாலியரும் காக்குமென்று கூறார். இவ்வுருக்கள் பராஸ் என்னும் மென்கல்லாற் செய்யப்படுவன. எரிமலைச் சாம்பல் இறுகி ஆயது அக்கல். உளிக்கு எளிதில் இணங்குவதுபோலவே மழைக்கும் இணங்கும். மூக்கும் முகமும் தேய்ந்து பாசி படரும். தேய்ந்தக்கால் புதியது செய்து நிறுத்துவர். சிற்பி செய்து முடித்தது கல்லே. மெலாஸ்பாஸ் என்னும் தூய்மைச் சடங்கும், அதன்பின் ஆற்றலை வருவித்து நிறுவும் சடங்கும் நிகழ்ந்த பின்னரே அது காவலாம். பின்னைச் சடங்கின் பெயர் பாசுபதி என்பது! கியாஞார்ப் பகுதியிலுள்ள பத்துபுலான் என்னும் ஊரிற் சாலையோரத்தே இத்தகைய உருக்கள் விலைக்கு நிற்கின்றன. கடல்கடந்து சென்று அயல்நாட்டார் பூங்காவிலும் நிற்கின்றன. அவற்றின் அழகைப் பழித்தற்கில்லை. எனினும் பாசுபதி செய்யாத உருவை வாங்கி வைத்துக் காவல் எய்தினோம் என்பார், பூட்டை வாங்கித் தாழிடாது உறங்குவாரை ஒப்பர். கண்ணுக்குப் புலனாவதைச் செகால என்றும் புலனாகாததை நிஸ்கால என்றும் பாலியர் வழங்குவர். சகலம், நிட்களம் என்னும் சொற்களைப் பயின்றவர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இவ்வொற்றுமை தற்செயலாய் நேர்ந்ததன்று. பெதண்டா எனப்படும் அந்நாட்டு அந்தணருட் பெரும்பாலார் சிவநெறியினர். வைகறையிற் சிவசூரியனை வழிபட்டுத் தம்மைச் சிவமயமாகப் பாவித்த பின்னரே தீர்த்தம் ஆக்குவர். சாவகத்துப் பிரம்பானானில் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சிவாலய வாயிலில் நிற்பாரும் நந்தீசுவரரும் மாகாளருமே.

இனி, காப்பவர் வடிவு கொடிதாதல் என்னை? பாலித் திருக்கோயில்களின் வாயில்மேல் விழித்து நோக்கும் பெருந்தலை போமா என்னும் அசுரனுடையது. தீபாவளி நாளில் நினைக்கப்படும் நரகாசுரனே அவன். நிலமகள் புதல்வன் ஆதலிற் பௌமன் எனப்பட்டான். அழிக்கப்பட்டவனையே வாயில் காக்க நிறுத்தினர். இறைவன் அருள் அறக்கருணை, மறக்கருணை என இருவகைத்து என்பது சித்தாந்தம். மகனை அடிக்கும் தந்தையின் கை சிவந்திருப்பினும் உள்ளம் சிவப்பதில்லை. திரோதான சத்தியும் மலத்தைச் செலுத்தி நிற்றலின் மலம் என்று உபசரிக்கப்படினும் அருளேயாம். அக்கொடிய முகம் புகுவான் நெஞ்சில் எதைக் கொண்டு வருகின்றான் என்று வினவும் முகம். தீங்கு கொணராதான் அதற்கு அஞ்சவேண்டுவதில்லை.

பகைக்குச் சோறிடுதல் முன்னையதினும் ஆழமுடையது. பூதகாலரைக் கொல்லுதல் பாலியர் கருத்தன்று, சௌமியராக்குதலே கருத்து. நியெபி என்னும் மௌனநாளுக்கு முன்னாள் நிகழும் பெருவேள்வியும் அதன்பொருட்டே. குழந்தையொடு உடன்பிறப்பார் நால்வர் என்றும் அவர் கூறுவர். பனிநீர், குருதி, மேற்பூச்சு, நஞ்சுக்கொடி என்பன அந்நால்வர். நினைந்து போற்றின் அவர் வாழ்நாள் முழுதும் காப்பர். மறந்தக்கால் அவரே பகையாவர். காவலும் பகையும் இருபொருள் அல்ல என்பது இதனாற் பெறப்படும். ஆணவமும் முத்தியில் இல்லையாவதன்று. அதன் சத்தி மடங்கிக் கிடப்பதே என்பர் ஆசிரியர். பாலியர் பூதத்தைப் புறத்தே வைத்துக் கூறினர். சித்தாந்திகள் மலத்தை அகத்தே கண்டனர். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் அழியாததை அடக்கியே வாழவேண்டும் என்னும் அளவில் இருவரும் ஒருவழிப்பட்டனர்.

அற்றேல், 1906-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒல்லாந்தர் படை பாதுங் நாட்டின்மேற் சென்றபோது இக்காவலர் என் செய்தனர் என்று ஒரு தடை எழும். இது விலக்கற்கரிய தடையே. அரசனும் உரிமைமகளிரும் சுற்றத்தாரும் வெண்டுகில் உடுத்து, கிரிஸ் என்னும் குத்துவாள் ஏந்திப் படையை நோக்கி நடந்து, துப்பாக்கிமுன் மாய்ந்தனர். அது தகுமோ தகாதோ என்பது வேறோர் ஆராய்ச்சி. பிராரத்தமாய் முகந்துகொண்ட வினையை ஊட்டாது விலக்குதல் வாயிற்காவலர் தொழிலன்று. உட்புகும் தீமையை மறித்தற்கு நிறுத்தப்பட்டவர் அவர். அன்று அரண்மனையார் தாமே துணிந்து, அவரைக் கடந்து வெளியே சென்றனர்.