இயந்திர மூளையும் உயிரும்

‘ஈயின் மூளையைக் கணினியில் அமைத்துவிட்டார்களாமே, அந்த ஈக்கும் உயிர் உண்டா?’ என்று மாணாக்கனொருவன் எம்மை வினாவினான். சைவ ஆசிரியர் நகைத்து ஒதுக்கத்தக்க வினாவன்று இது.

மண்ணில் வாழும் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவொன்றின் 302 நரம்புக்கலங்களின் இணைப்புப்படம் 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழ ஈயினது மூளைப்படம் 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. அதில் நரம்புக்கலங்கள் 1,39,255. இணைப்புக்கள் ஐந்து கோடிக்கு மேற்பட்டன. அப்படத்தைக்கொண்டு கணினியில் அமைத்த மாதிரியில், இனிப்பறியும் நரம்புகளை எழுப்ப, உறிஞ்சுகுழலை நீட்டும் நரம்புகளும் எழுந்தன. சென்னை ஐ.ஐ.டி.யாரும் அவ்வாண்டிலேயே, கருவிலுள்ள மனிதக் குழவியின் மூளை வெட்டுப்படங்கள் 5,132 அடங்கிய ‘தரணி’ என்னும் தொகுதியை வெளியிட்டனர்.

இவற்றைக் கேட்ட நம்மவருட் சிலர், ‘இயந்திரம் ஒருபோதும் எண்ணமாட்டாது’ எனச் சூளுரைக்கின்றனர். அது தகாது. நாளை இயந்திரம் எண்ணுமாயின், அச்சூளுரையை நம்பிய மாணாக்கனது சமயப்பற்றும் உடன் வீழுமன்றோ? நமது சித்தாந்தம் அவ்வாறு தன்னைப் பணயம் வைத்ததில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய சடமென்றே அது கூறும். சடம் சடத்தின் தொழிலைச் செய்தலால் நமக்கு வரும் இழுக்கு யாது? இக்கருவிகளின் வேறாய் உயிர் உண்டென நிறுவுதற்கே மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தைச் செய்தருளினார். கருவியைப் போலச் செய்தல் வேறு. கருவியால் அறிவானைச் செய்தல் வேறு. உயிர் அநாதி, ஒருவராற் செய்யப்படுவதன்று.

‘செய்யப்படாவிடினும், அவ்வுயிர் இயந்திரத்தை உடலாகக் கொள்ளுமோ?’ எனின், முட்டை, வேர்வை, வித்து, கருப்பை என்னும் நால்வகைத் தோற்றத்துள் இயந்திரம் அடங்காமையின், கொள்ளுமென்றற்கு நூற்சான்று இல்லை என்பதே எம் விடை.

ஆயினும், நம்மை நாணச்செய்வது வேறொன்றுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தேக்கார்ட் என்னும் பிராஞ்சிய அறிஞர் விலங்குகளை இயந்திரமெனக் கொண்டார். நாமோ, திருவானைக்காவிற் பெருமானுக்கு வலையாற் பந்தரிட்ட சிலந்தி, கோச்செங்கட்சோழராய்ப் பிறந்தமை படிப்பிப்பவர். அங்ஙனமிருந்தும், எம் பள்ளிவாசல்துறைக் கரையில் வலைப்பட்ட ஆமையொன்று தவித்தபோது, அக்கதையை எம்மிடங் கற்ற பிள்ளைகளே கைகொட்டி நின்றனர். யாம் கதையைக் கற்பித்தோம், இரக்கத்தைக் கற்பித்திலேம்.

ஆதலின் அம்மாணாக்கனுக்கு யாம் கூறியது இது: ‘தம்பி, கணினியிலுள்ள ஈக்கு உயிருண்டென்று கூற யாம் சான்று காணோம். உன் சோற்றில் வந்திருக்கும் ஈக்கு உண்டு. அதனைச் சிறகொடியாது ஓட்டுக.’

ஆசிரியன்மார் இதனைச் சிந்திப்பாராக. திருவருள் துணைநிற்க.