இளையோர் கையில் ஆலயத் தொண்டு



எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருளினால் இவ்வாண்டு மகோற்சவமும் குறைவின்றி நிறைவேறி, ஆண்டு மலரும் உங்கள் கைகளுக்கு வருகின்றது. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை அடியார்கள் கூடி நின்ற காட்சி மனதுக்கு நிறைவைத் தந்தது. ஆயினும் அந்நாட்களில் ஆலய வீதியில் நின்று பெரியவர்கள் பலரும் பேசிக்கொண்ட ஒரு விடயம் உண்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் எண்ணம் இல்லை" என்பதே அது. இக்கூற்று சரியானதா? சரியென்றால் அதற்குக் காரணம் யாது? இவற்றைச் சைவ சமய நோக்கில் சிறிது சிந்திப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமூகம் என்றும் மாறிக்கொண்டே இருப்பது. 1970களில் நாங்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் வீடு, பாடசாலை, வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், ஆலயம் என்பன ஒன்றோடொன்று இணைந்திருந்தன. ஒரே வளவுக்குள் அப்பு, ஆச்சி, பெரியையா, சின்னம்மா என்று உறவுகள் சூழ ஒரு பிள்ளை வளர்ந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துக் கலாசாரத்தைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டார்கள். ஆலய மண்டபத்தில் ஒருவர் புராணம் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வார். குரல் வளமுள்ள பையன் ஒருவனை அழைத்து, "இண்டைக்கு நீ வாசி தம்பி" என்பார்கள். அவன் பிழையாக வாசித்தால் அருகிலிருக்கும் பெரியவர் திருத்துவார். அடுத்த நாளும் அவனே வாசிப்பான். திருவிழா உபயங்களும் குடும்ப வழியாக வந்தன. வாழை கட்டுவது, தோரணம் பின்னுவது, பூமாலை தொடுப்பது, சுவாமி காவுவது எல்லாம் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை. "கோயிலுக்குப் போ" என்று எவரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. அங்கே அவர்களுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அதனாற் போனார்கள்.

அந்த அமைப்பைப் போர் குலைத்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, தலைமுறை தலைமுறையாக விளக்கெரிந்த ஆலயங்கள் பல விளக்கேற்ற ஆளின்றிக் கிடந்தன. ஊர் திரும்பியவர் சிலர். வன்னியில் தங்கியவர் சிலர். கடல் கடந்து கனடா, இலண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று சென்றவர் பலர். 2009இல் போர் முடிந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பாதைகள் திறந்தன, கடைகள் பெருகின, கைத்தொலைபேசி ஒவ்வொரு கையிலும் வந்து சேர்ந்தது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது பாடசாலையே அந்தச் சிறு கண்ணாடிக்குள் புகுந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியோ எஞ்சியிருந்த இளைஞர்களையும் கடவுச்சீட்டு வரிசையிலே நிறுத்தியது. இத்தனை மாற்றங்களும் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நிகழ்ந்தவை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்று நமது கிராமத்தில் ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் ரியூசன், பின்னர் பாடசாலை, பாடசாலை விட்டதும் மீண்டும் ரியூசன். தரம் 5 புலமைப்பரிசிலில் தொடங்கிய இந்த ஓட்டம் க.பொ.த. உயர்தரம் வரை நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையும் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலையும் வகுப்பு. அறநெறிப் பாடசாலைக்கு வரவேண்டிய நேரத்தை நாமே பணம் கட்டி வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டோம். பல வீடுகளில் தகப்பன் வெளிநாட்டில், அல்லது தாயும் தகப்பனும் வேலையில். கதை சொல்ல ஆச்சி அருகில் இல்லை. பேச ஆளில்லாத பிள்ளை கைத்தொலைபேசியோடு பேசுகின்றது. அவ்வாறான தனிமையைத் தேடித்தான் கஞ்சாவும் "ஐஸ்" எனப்படும் போதைப்பொருளும் வருகின்றன. பத்திரிகையில் நாம் வாசிக்கும் கைதுச் செய்திகளில் வரும் வயதுகளைப் பாருங்கள். பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு. அவர்கள் அந்நியர் அல்லர். ஏதோ ஒரு கோயிலின் வீதியிலே விளையாடி வளர்ந்த பிள்ளைகள்தாம்.

சமூகம் மாறியது போலவே ஆலயங்களும் மாறியுள்ளன. முன்னர் உபயகாரர் குடும்பத்தோடு வந்து நின்று திருவிழாச் செய்தார்கள். இன்று பலர் தூர தேசத்திலிருந்து தொகை அனுப்பி வைக்கின்றார்கள். அவர்களது பக்தி போற்றுதற்குரியது. கோபுரங்களும் மண்டபங்களும் தேர்களும் அவர்களின் உழைப்பால் எழுந்தவை. ஆயினும் பணம் வந்த இடத்தில் கைகள் விலகிக்கொண்டன. மாலை கடையிலிருந்து வருகின்றது. சோடனைக்கு ஒப்பந்தகாரர் வருகின்றார். அன்னதானச் சமையலுக்குக் கூலிக்கு ஆள் வருகின்றது. எல்லாம் அழகாக நடந்தேறுகின்றன, உள்ளூர்ப் பையனுக்குச் செய்வதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவன் ஒரு கரையில் நின்று படம் பிடிக்கின்றான். அதைக் கண்டு நாம் "பக்தி குறைந்துவிட்டது" என்கின்றோம். கனடாவிலிருந்து தொகை வரலாம். சுவாமி காவுவதற்குத் தோள் அங்கிருந்து வராது.

இவ்விடத்தில் நமது சமய வரலாறு காட்டும் இரு தந்தையரைச் சிந்திப்போம்.

திருநாரையூரிலே பொள்ளாப்பிள்ளையாருக்குப் பூசை செய்துவந்த ஆதிசைவர் ஒருவர், வெளியூர் செல்ல நேர்ந்தபோது, அன்றைய பூசையைத் தமது சிறு மகனிடம் ஒப்படைத்துச் சென்றார். பையன் நைவேத்தியத்தைப் படைத்துவிட்டு, பிள்ளையார் உண்மையாகவே உண்பார் என்று காத்திருந்தான். உண்ணாதது கண்டு, தன்னிடம் ஏதோ பிழை என்று கலங்கித் தலையை மோதிக்கொள்ள முற்பட்டான். பிள்ளையார் அவனைத் தடுத்து உண்டருளினார். அப்பிள்ளையே நம்பியாண்டார் நம்பி. பிற்காலத்தில் சோழ மன்னன் தேவாரத் திருப்பதிகங்களைத் தேடியபோது, தில்லையிலே அவை இருக்கும் இடத்தைத் திருவருளால் அறிவித்தவரும், செல்லரித்தவை போக எஞ்சியவற்றைத் திருமுறைகளாக வகுத்தவரும் அவரே. இன்று நாம் பஞ்சபுராணம் ஓதுகின்றோம் என்றால், அன்று ஒரு தகப்பன் ஒரு நாட் பூசையைப் பிள்ளையின் கையில் நம்பிக் கொடுத்தமையும் அதற்கு ஒரு காரணமாகும்.

மற்றவர் சேய்ஞலூர் எச்சதத்தன். அவர் மகன் விசாரசருமர், இடையன் பசுவை அடிப்பது பொறாமல், தாமே மாடு மேய்க்கும் தொழிலை ஏற்றுக்கொண்டவர். மண்ணியாற்றங்கரையில் ஆத்தி மரத்தின்கீழ் மணலாற் சிவலிங்கம் அமைத்து, பசுக்கள் தாமாகப் பொழிந்த பாலால் அபிடேகம் செய்தார். கண்டவர்கள் "பாலை மணலில் ஊற்றி வீணாக்குகின்றான்" என்று ஊரவர்க்கு முறையிட்டனர். தகப்பனார் மகனை அழைத்து, "ஏன் இப்படிச் செய்கின்றாய்?" என்று கேட்கவில்லை. குராமரத்தில் ஏறி ஒளிந்திருந்து பார்த்தார். பின் இறங்கி வந்து தடியால் அடித்தார், பாற்குடத்தைக் காலால் இடறினார். பூசைக்கு இடையூறு செய்த அக்கால்கள் வெட்டுண்டன என்றும், இறைவன் அப்பிள்ளைக்குச் சண்டேசுர பதம் ஈந்தார் என்றும், தந்தையும் பின்னர் சிவலோகம் சேர்ந்தார் என்றும் பெரியபுராணம் கூறும்.

இச்சரித்திரத்தின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஊர் கண்டது வீணாகும் பாலை. இறைவன் கண்டது பூசையை. சிவாலயத்தில் நமது வழிபாடு நிறைவெய்துவது எங்கே? சண்டேசுரர் சந்நிதியில் மெல்லக் கைதட்டி, சிவதரிசனப் பயனைத் தந்தருளும்படி வேண்டுகின்றோம். எத்தனை வயது முதிர்ந்தவராயினும், எத்தகைய பதவி வகித்தவராயினும், பெரியவர்கள் பிழையாக விளங்கிக்கொண்ட ஒரு சிறு பையனின் முன்னே நின்று வேண்டியே வீடு திரும்புகின்றோம். சீர்காழியில் மூன்று வயதிலே ஞானம் பெற்ற சம்பந்தரைக் குருவாகக் கொண்ட சமயமும் இதுவே. ஆகவே இளையோரைச் சிறியவர் என்று ஒதுக்குவது சைவ மரபு அன்று.

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைக் கூறுகின்றது. இவற்றுள் முதற்படி சரியை. திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், மலர் பறித்தல், மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல் முதலிய உடற்றொண்டுகளே சரியை. உழவாரப்படை ஏந்திய அப்பர் சுவாமிகள் இந்நெறிக்கு இலக்கியமாக விளங்குகின்றார். இன்று நாம் இளைஞர்களுக்குச் சரியையைக் கொடுக்காமல் ஞானத்தைப் பற்றிப் பேசுகின்றோம். முதற்படியை எடுத்துவிட்டு மேலே ஏறிவரச் சொன்னால் எவரால் ஏற முடியும்?

அரச சேவையில் எழுதுவினைஞனாக நீண்ட காலம் கடமையாற்றியவன் என்ற வகையில் ஒன்றைக் கூறலாம். அலுவலகத்துக்குப் புதிதாக வரும் ஓர் உத்தியோகத்தருக்கு முதல் வேலையாகக் கடமைப் பட்டியல் ஒன்றைக் கையளிப்பார்கள். அது கிடைக்காதவர் கதிரையில் இருந்துகொண்டு நேரத்தைப் பார்ப்பார். கிடைத்தவரோ சில மாதங்களில் அந்தக் கோவைகளைத் தம்முடையவை என்று நினைக்கத் தொடங்குவார். ஆலயத்திலும் இதுவே நடைபெறும். வெள்ளிக்கிழமைப் பஞ்சபுராணத்தை இளையோர் முறைவைத்து ஓதட்டும். திருவிழாவில் ஒரு நாளின் ஒழுங்கு முழுவதையும், சோடனை முதல் அன்னதானம் வரை, அவர்களே பொறுப்பேற்கட்டும். பரிபாலன சபைக் கூட்டங்களில் இளைஞரும் யுவதிகளும் அமர்ந்து வரவு செலவைப் பார்க்கட்டும். கணக்கைக் கணனியிற் பதிவுசெய்து அறிவித்தற் பலகையில் இடுவது நம்மைவிட அவர்களுக்கு எளிது. பிழை விட்டால், புராணம் வாசித்த பையனைத் திருத்தியது போலத் திருத்துவோம். திருத்திவிட்டு அடுத்த நாளும் அவர்களிடமே கொடுப்போம்.

பொறுப்புக் கிடைத்தால் அவர்கள் செய்வார்களா என்று ஐயுறுவோருக்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியபோது, வெள்ளத்தில் இறங்கி உணவுப் பொதி சுமந்தவர்களிற் பெரும்பாலானோர் இளைஞர்களே. எந்த வீட்டில் முதியவர் இருக்கின்றார், எங்கே குழந்தைக்குப் பால்மா இல்லை என்பதையெல்லாம், நாம் குறைகூறும் அதே கைத்தொலைபேசியில் அறிந்து ஓடினார்கள். தொண்டு செய்யும் மனம் அவர்களிடம் இருக்கின்றது. அது ஆலய வாசலுக்கு வரும்போது மட்டும் ஏன் தயங்கி நிற்கின்றது?

இதற்கு ஒரு காரணத்தை மறைக்காமற் கூறவேண்டும். 2018ஆம் ஆண்டில் வடக்கிலே ஓர் ஆலயத் தேரை மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்த செய்தி படத்துடன் வெளிவந்தது. இழுக்க ஆள் போதாது என்றனர் ஒரு சாரார். எல்லோரையும் வடம் பிடிக்க விடவில்லை என்றனர் மறு சாரார். எதுவாயினும் அது நம் எல்லோருக்கும் ஒரு பாடமாகும். ஒரே வகுப்பில் படித்து, ஒரே அணியில் பந்தடித்து, ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளைகளை ஆலய வாசலில் மட்டும் இன்னார் இனியார் என்று பிரித்தால், அவர்கள் தேர்வடத்தை விட்டு மட்டும் அல்ல, சமயத்தை விட்டும் விலகுவார்கள். நந்தனாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் நாயன்மார் வரிசையில் வைத்துக் குருபூசை செய்யும் நாம் அவர்களுக்கு என்ன விடை கூறுவோம்? வடம் எல்லோர்க்கும் பொதுவானது.

மாற்றத்தைக் கண்டு அஞ்சவேண்டியதும் இல்லை. ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கியது 1847 டிசெம்பர் 31இல். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மிஷனரிமாரின் பாடசாலைகளும் அச்சியந்திரமும் இளைஞர்களை ஈர்த்த காலம் அது. அவர் அச்சியந்திரத்தை இகழவில்லை. தாமும் ஒன்றை வாங்கிச் சைவ நூல்களை அச்சிட்டார். அன்றைய அச்சியந்திரத்தின் இடத்தில் இன்று கைத்தொலைபேசி இருக்கின்றது. தேவாரப் பண்ணும் புராணக் கதையும் அதிலே வரச்செய்யும் ஆற்றல் நம் பிள்ளைகளிடமே உள்ளது.

பெற்றோரே, ஞாயிறு காலை ஒரு வகுப்புக் குறைவதால் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடாது. இரவில் ஒரு நேரமாவது கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, பிள்ளையுடன் இருந்து சாப்பிடுங்கள். அதன் முகவாட்டத்தை முதலிற் காண வேண்டியவர்கள் நீங்களே. இளைஞர்களே, நீங்கள் வெளிநாடு செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். எங்கே வாழ்ந்தாலும் மனம் சோரும் நாள் ஒன்று வரும். அன்று கைகொடுப்பது இந்த வீதியைக் கூட்டிய பழக்கமும், ஓதிப் பழகிய ஒரு பதிகமுமாக இருக்கும். எங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள், எங்களிடம் பிழை கண்டால் சொல்லுங்கள். ஆனால் வெளியே நின்று அல்ல, உள்ளே வந்து சொல்லுங்கள்.

ஆலயங்களைப் பரிபாலிக்கும் எங்களைப் போன்ற முதியோர் இன்னும் எத்தனை கொடியேற்றம் காண்போம் என்பது அவன் திருவுளம். சாவிக்கொத்தை இறுகப் பிடித்தபடி கண்மூடினால், பிறகு அது எந்தப் பூட்டுக்குரியது என்று சொல்ல ஆளிராது. கையில் பலம் இருக்கும்போதே, பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்து ஒப்படைப்பது நம் கடமையாகும்.

திருநாரையூரிற் சிறுவன் படைத்ததை உவந்து உண்டருளிய பிள்ளையார், நம் பிள்ளைகள் படைப்பதையும் ஏற்றருள்வார். அவர்களுக்கு நல்லறிவும், நோயற்ற வாழ்வும், தீய பழக்கங்களை அணுகாத மனவுறுதியும் அருளுமாறு எம்பெருமானின் பாதாரவிந்தங்களைப் பணிந்து பிரார்த்திக்கின்றேன்.

சுபம்.