படிக்காத நூலும் வழங்கிய தீர்ப்பும்

தேர்வு நெருங்கும் நாள்களில், பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட நூல் கல்லூரி நூலக அடுக்கில் அசையாது இருக்கும். நகல் எடுக்கும் கடையிலோ கூட்டம் நிற்கும். அங்கே விலைபோவது நூல் அன்று, அந்நூலைப் பற்றிய 'நோட்ஸ்'. இன்று அது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது எளிது. நூலை முழுதும் படித்தவருக்கும் குறிப்பை மனனம் செய்தவருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்குமாயின், மாணவர் செய்வது சோம்பல் அன்று, கணக்கு.

நாமும் அக்கணக்கைப் போட்டவர்களே. தாமஸ் ஹார்டி 1886இல் வெளியிட்ட 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' என்னும் புதினம் நமக்குப் பாடமாக இருந்தது. குடிவெறியில் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐந்து கினிக்கு விற்றுவிட்டு, பின்னாளில் நகரத் தலைவனாக உயர்ந்து வீழும் ஹென்சார்டின் கதை அது. அவனுடைய குணநலன்களை ஐந்து தலைப்புகளில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். நூலைத் திறந்தும் பார்த்ததில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே படித்தோம். தான் மகளாகக் கருதியவளின் திருமணத்திற்குக் கூண்டில் ஒரு சிறு பறவையைப் பரிசாகக் கொண்டுசென்று, அவள் மன்னிக்க மறுக்க, அதனை மறந்துவிட்டுத் திரும்புகிறான். பறவை பட்டினியால் இறந்து கிடக்கிறது. நம் ஐந்து தலைப்புகளில் அப்பறவைக்கு இடமில்லை. சந்தித்தே இராத ஒருவனுக்கு நாம் தீர்ப்பு எழுதியிருந்தோம். கற்பனை மனிதன்தானே என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் உயிருள்ள அயலாரையும் பிறர் தந்த குறிப்பைக் கொண்டே நாம் அளந்ததில்லையா?

கட்டாயப் படிப்பு கசக்கும் என்பதைப் புனித அகுஸ்தினார் மறைக்கவில்லை. சிறுவயதில் தண்டனைக்கு அஞ்சிக் கற்ற கிரேக்கத்தைத் தாம் வெறுத்ததாகவே தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதுகிறார். ஆயினும் ஏறத்தாழ 373இல், கார்த்தேஜ் நகரில் மாணவராக இருந்தபோது, சிசரோவின் 'ஹோர்டென்சியஸ்' அவர் கைக்கு வந்தது பக்தியால் அன்று, வழக்கமான பாட வரிசையில்தான். நாநயத்தைக் கூர்தீட்டிக்கொள்ளவே மாணவர் அதனைப் படித்தனர். அவரையோ அது சொன்ன பொருளே பற்றிக்கொண்டது. ஞானத்தின்மேல் தீராத வேட்கையை மூட்டிற்று. அந்நூல் இன்று சில துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. அந்நாளில் நகல் கடை இல்லாதது நாம் பெற்ற பேறு!

அண்மையில் அடுத்த வீட்டு மாணவி ஒருத்தி இதே புதினத்துக்கு நோட்ஸ் கேட்டு வந்தாள். நம்மிடம் இருந்த நூலையே கொடுத்தோம். பக்கங்களின் பருமனைக் கண்டு முகம் வாடினாள். பறவையின் கதையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவள், "அது எந்த அதிகாரத்தில் வருகிறது மாமா?" என்றாள்.