அழையாமையும் ஓர் அறம்

முன்னுரை

பணிநேரம் முடிந்த பின்னர்க் கைபேசிவழி வரும் பணிச்செய்திகளுக்கு எல்லை வகுத்தல் இன்று பெரிதும் சட்டச் சிக்கலாகவே பேசப்படுகிறது. அஃது அறச்சிக்கலும் ஆகும். அவ்வெல்லையைக் காக்கும் பொறுப்பு செய்தியைப் பெறுபவர்க்கு உரியதா, அனுப்புபவர்க்கு உரியதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினையும் மனையும்

வினைக்கும் மனைக்கும் இடையே எல்லை வகுத்தல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. வினைமேற் சென்றவிடத்துத் தலைவியைப் பற்றிப் பேசுதல் இல்லை என்றும், வெற்றி எய்திய பின்னரே அந்நினைவு வெளிப்படும் என்றும் தொல்காப்பியக் கற்பியல் வரையறுக்கிறது. வினை முடித்த தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுதல் முல்லைப் பாடல்களில் பெருவழக்கு. அம்மரபு வினையிடத்தை மனையின் நினைவினின்று காத்தது. இன்றோ மனையை வினையின் குறுக்கீட்டினின்று காக்க வேண்டியுள்ளது. திசை மாறினும், இரண்டற்கும் தனித்தனிப் பொழுது உண்டு என்னும் கொள்கை ஒன்றே.

உரிமையும் கடமையும்

பிரான்சில் 2017 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 50 பேருக்குக் குறையாத பணியாளர் கொண்ட நிறுவனங்கள் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்துப் பணியாளரோடு பேச்சு நடத்த வேண்டும் என்றது. 2021இல் போர்ச்சுகல் இயற்றிய சட்டமோ, தவிர்க்கவியலாச் சூழல் தவிர, ஓய்வுநேரத்தில் பணியாளரைத் தொடர்பு கொள்ளாதிருத்தலை முதலாளியின் கடமையாக்கியது. இந்திய மக்களவையில் சுப்ரியா சுலே 2018இலும் 2025இலும் அறிமுகப்படுத்திய தனிநபர் மசோதாக்கள் பணியாளரின் உரிமையையே மையமாகக் கொண்டவை.

மறுப்பதற்குத் துணிவு வேண்டும். வேலை போய்விடும் என அஞ்சுபவர்க்கு அவ்வுரிமை ஏட்டளவினதே. திருக்குறளில் வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை என எதிர்மறைப் பெயர் பெற்ற அறங்கள் செய்பவர்மேல் சுமத்தப்பட்டவை. பொறுத்துக்கொள்ளும் பண்பைப் பொறையுடைமை போற்றினும், அது புறங்கூறியவரைக் குற்றத்தினின்று விடுவிப்பதில்லை. அழையாமையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

பாலிகஞ்ச் காட்டும் சான்று

தெற்கு 24 பர்கனா மாவட்டத்துக் கேனிங் முதலிய ஊர்களிலிருந்து புறநகர் இரயில்களில் வரும் வீட்டுப்பணிப் பெண்களை நம்பியே கொல்கத்தாவின் பாலிகஞ்ச் போன்ற பகுதிகளில் பல குடும்பங்கள் இயங்குகின்றன. இரவில் அலுவலகச் செய்தி வருவதை வெறுக்கும் ஒருவர், நாளை முன்னதாக வருமாறு அதே இரவில் அப்பெண்ணை அழைத்தல் கூடும். தாம் நிறுவனத்திடம் கோரும் எல்லையைத் தம் வீட்டில் அவர் மீறுகிறார். அழைப்பை ஏற்க மறுத்தால் வேலை நிலைக்குமா என்னும் ஐயமுடைய அப்பெண்ணுக்கு மறுக்கும் உரிமை பயன் தராது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் உடன்படிக்கை, அழைப்பை எதிர்நோக்கித் தம் விருப்பப்படி செலவிட இயலாத நேரத்தையும், நாட்டுச் சட்டங்கள் வகுக்கும் அளவிற்குப் பணிநேரமாகக் கொள்கிறது. அழைப்பு வாராவிடினும் காத்திருந்த பொழுது தமதன்று என்னும் உண்மை இதன்கண் அடங்கியுள்ளது. இந்தியா இதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. மேற்கு வங்கத்தில் பஸ்சிம்பங்க கிருக பரிசாரிகா சமிதி என்னும் வீட்டுப்பணியாளர் அமைப்பு தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றதே 2018இல்தான்.

முடிவுரை

நோய், விபத்து போன்ற இடர்க்காலங்கள் விலக்கிற்குரியன. பிற வேளைகளில் எல்லையைக் காக்கும் முதற்பொறுப்பு அழைப்பவருடையதே; சட்டம் எட்டாத வீடுகளில் இப்பொறுப்பு மேலும் மிகுகிறது. மேலதிகாரியிடம் எதிர்பார்க்கும் அழையாமையைத் தமக்குக் கீழ்ப் பணிபுரிவோர்க்கும் வழங்குபவரே அதனை அறமெனக் கோரத் தகுதியுடையவர் என்பது இவ்வாய்வால் பெறப்படும் கருத்தாகும்.