பித்தப்பைக் கல்லும் விதியும்

மார்க்கையன்கோட்டைப் பக்கம் பித்தப்பையில் கல் இருப்பது பலருக்கும் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. வேறு எதற்கோ சின்னமனூருக்கோ தேனிக்கோ போய் ஸ்கேன் எடுப்பார்கள். அறிக்கையின் நடுவில் கற்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு யோசனைகள் கிளம்பும். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்பது ஒன்று. அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியம். சிறுநீர் போகும் பாதையும் பித்தம் போகும் பாதையும் வேறு வேறு என்பதால் அதை அதோடு விட்டுவிடலாம். இரண்டாவது யோசனைதான் கனமானது: 'ஆண்டவன் கொடுத்த உடம்பு, விதிப்படி நடக்கட்டும், கத்தி வைக்க வேண்டாம்.' இதை அறியாமை என்று ஒதுக்குவது மருத்துவர்களுக்குச் சுலபம். ஆனால் துன்பத்தைப் பொறுப்பது தவம் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வளர்ந்த சமயங்களின் குரலும் அதில் கலந்திருக்கிறது. அந்தக் குரல் உண்மையில் எதைச் சொன்னது, எந்த இடத்துக்குச் சொன்னது என்று பார்த்தால், கல்லை விட்டுவைப்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் செல்லாது என்பது என் கருத்து.

உடம்பைத் துறப்பதில் சமணத்தைப் போலக் கடுமையான சமயங்கள் தமிழ் மண்ணில் அதிகமில்லை. அதன் தடயம் தொலைவில் இல்லை. இதே வட்டத்தின் தலைநகரான உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயில் இருக்கும் பாறையில், தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருக்கும் பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. சல்லேகனை என்ற அந்த நோன்புக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முக்கியமானவர் சமந்தபத்திரர். தம் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவர் நான்கு நிலைமைகளைச் சொல்கிறார்: பேரிடர், பஞ்சம், முதுமை, நோய். இந்த நான்கும் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை. பரிகாரம் இல்லாததாக இருக்க வேண்டும். உடம்பை ஒரு பொருட்டாகவே மதிக்காத மரபு, அதை விடுவதற்கு முன்னால் 'தீர்க்க வழி உண்டா' என்று கேட்கச் சொல்லியிருக்கிறது. மார்க்கையன்கோட்டையில் இன்று யாரும் சமணர் இல்லையே என்று கேட்கலாம். துறவின் உச்சியில் நின்றவர்களே இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை என்றால், குடும்பம் நடத்துகிறவர் தாண்டிப் போக என்ன நியாயம் இருக்கிறது?

அப்படியானால் பித்தப்பைக் கல்லுக்குப் பரிகாரம் உண்டா? 1882 ஜூலையில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அறுத்தெடுத்தார். அதுவரை கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைப்பார்கள். கல் மறுபடி உண்டாகும். கல்லை உண்டாக்குவதே பைதான் என்பது அவர் வாதம். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே வயிற்றைக் கிழிக்காமல் துளை வழியாக அதைச் செய்தார்; 1990-இல் மும்பையில் டெம்டன் உத்வாடியா அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று நான்கு சிறு துளைகள், ஓரிரு நாள் படுக்கை. கல்லீரல்தான் பித்தத்தைச் சுரக்கிறது. பை அதைத் தேக்கிவைக்கும் இடம் மட்டுமே. எடுத்துவிட்டால் பித்தம் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச காலம் வயிறு இளகும். மாத்திரையில் கரைப்பது என்பது சிறிய, சுண்ணாம்பு ஏறாத கொழுப்புக் கல்லுக்கு மட்டும், அதுவும் மாதக்கணக்கில். தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் அதிகம். அறுவை முடிந்ததும் உறவினரிடம் டப்பாவில் போட்டுக் காட்டுகிறார்களே, கறுத்து, முள்முள்ளாக, விரலால் அழுத்தினால் சில பொடிந்துபோகும் அந்தக் கற்கள், அவை மாத்திரைக்கு மசியாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து மறுநாள் பச்சைக் கற்கள் வெளியேறின என்பவர்கள் பார்த்தது எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்ட உருண்டைகள். 2005-இல் லான்செட் இதழ் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறது.

பரிகாரம் இருக்கிறது, சரி. உடனே எல்லாரும் செய்துகொள்ள வேண்டுமா? இந்த இடத்தில் விதி பேசுகிறவரைவிட அவசரப்படுகிற மருத்துவரைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. வலியே இல்லாமல் சும்மா கிடக்கும் கல்லைப் பற்றி 1982-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிரேசியும் ரான்சாஃபும் வெளியிட்ட ஆய்வு இன்னும் பேசப்படுகிறது. அப்படிப்பட்ட 123 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வலி வரும் வாய்ப்பு பத்து ஆண்டில் 15 சதவீதம், இருபது ஆண்டில் 18 சதவீதம் என்றே கணக்கு வந்தது. புற்றுநோயாகிவிடும் என்ற பயமுறுத்தலும் இடம் பார்த்துச் சொல்லப்பட வேண்டியது. பித்தப்பைப் புற்று கங்கைச் சமவெளியில் அதிகம், தெற்கே குறைவு. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சுவரில் சுண்ணாம்பு படிந்த பை போன்றவை விதிவிலக்கு. அறுவையிலும் ஆபத்து உண்டு. ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்குப் பித்தக்குழாயே காயப்படக்கூடும். ஆகவே வலிக்காத கல்லை விட்டுவைப்பவர் விதியிடம் சரணடையவில்லை. கணக்குப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். அவருக்குச் சமயத்தின் துணை தேவையே இல்லை.

வலி வந்த பிறகு கதை வேறு. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை ஏறி, மணிக்கணக்கில் நிற்கும் வலி. அதோடு குளிர்ஜுரமும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்தால் கல் குழாயை அடைத்திருக்கலாம். அப்போது கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. கல்லீரல் அழற்சியால் வரும் மஞ்சளும் குழாய் அடைத்து வரும் மஞ்சளும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். 'பிராரப்தம், அனுபவித்தே தீர வேண்டும்' என்று இங்கே சொல்பவர்களுக்கு ரமண மகரிஷியை நினைவூட்டலாம். 1949-இல் இடது முழங்கைக்கு அருகே வந்த கட்டிக்கு அவர் நான்கு முறை அறுவைக்கு உட்பட்டார். கையையே எடுக்கலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். உடம்பே தான் அல்ல என்று போதித்தவர் மருத்துவரைத் திருப்பி அனுப்பவில்லை. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, ஆள்வினையுடைமைக்கு ஒன்றும் மருந்துக்கு ஒன்றும் எழுதினார். மேற்கே ஓடிய ஆற்றை 1895-இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் வந்த தண்ணீரில்தான் இந்தப் பள்ளத்தாக்கு நெல் விளைவிக்கிறது. அதைத் தெய்வ குற்றம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் செய்த பொறியாளர் பென்னிகுக்கின் படத்துக்கு மாலை போடுகிறவர்கள்தான் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வலி வந்தவரும் காத்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொல்கிறதே என்பது நியாயமான தடை. 2023-இல் பிரிட்டனில் வெளியான சி-கால் ஆய்வில், சிக்கல் ஏதுமில்லாமல் வலி மட்டும் உள்ள 434 பேரில், அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களுக்கும் காத்திருக்க விடப்பட்டவர்களுக்கும் 18 மாதத்தில் உடல்வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் அறுவை செய்துகொண்டவர்களிலும் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டு கழித்தும் வயிற்றுவலி இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிட்டன் ஆய்வில் காத்திருந்தவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருந்தார்கள்; நான்கில் ஒருவர் அதே 18 மாதத்துக்குள் அறுவைக்குப் போனார். நம் வீடுகளில் காத்திருப்பது வேறு மாதிரி. அறுவடை முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், வீரபாண்டி திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்திருக்கிறது, அது முடியட்டும். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பிள்ளைப்பேறு கூடக்கூட வாய்ப்பும் கூடும். இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு காலையில் நடவுக்குப் போகிறவள் அவள்தான். 'அவ விதி' என்று சொல்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு வாரம் அவள் இல்லாமல் வீடு நடக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க மனமில்லாததற்கு வேதாந்தப் பெயர் சூட்டுகிறோம். தானே ஏற்பது தவம். இன்னொருவர் சார்பில் ஏற்றுக்கொடுக்கும் துன்பத்தை எந்தச் சமயமும் தவக்கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. சல்லேகனையும் நோற்பவர் தானே விரும்பி ஏற்க வேண்டிய நோன்புதான்.

எஞ்சியிருப்பது பயம். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்போமா என்ற பயத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர் விதியைப் பேசுவார். சமந்தபத்திரர் சல்லேகனையைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களைப் பட்டியலிடுகிறார்: வாழும் ஆசை, சாகும் ஆசை, பயம், நண்பர்களின் நினைவு, மறுமைப் பலன் நாடுவது. பயத்தால் எடுத்த முடிவு துறவு ஆகாது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பயம் என்றால் பயம் என்று மருத்துவரிடம் சொல்லலாம். இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது மயக்க மருத்துவரின் வேலை. தாங்காது என்று தெரியவரும் நேரமும் உண்டு. எண்பதைத் தாண்டி, இதயம் தளர்ந்து, சர்க்கரையும் சேர்ந்த ஒருவருக்குக் குழாயில் அடைத்த கல்லை மட்டும் வாய்வழியாகக் குழல் விட்டு எடுத்து, பையை அப்படியே விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால், பரிகாரம் உண்டா என்ற கேள்வி கேட்கப்பட்டுப் பதிலும் கிடைத்த பிறகுதான் சொல்கிறார். பிள்ளைகள் அவரை வற்புறுத்தாமல் இருப்பது சரி.