சத்தமே போடாதவருக்குக் கைதட்டல்

அடிவாரம் தாண்டினால் ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம் பஸ்ஸில், ஹெட்போனில் ஜுபின் மேத்தா நடத்திய ஒரு சிம்பொனி. கூடவே ஒரு கேள்வியும் மலை ஏறியது: ஆர்கெஸ்ட்ராவில் சத்தமே போடாத ஒரே ஆள் கண்டக்டர். பஸ் கண்டக்டராவது விசில் ஊதுவார். பிறகு ஏன் அவருக்கு அவ்வளவு கைதட்டல்?

மேத்தா 1936இல் பம்பாயில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 1954இல் வியன்னா போனார். 1958இல் லிவர்பூல் போட்டியில் வென்றார். 1962இல், 26 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு அவரைவிட வயது அதிகம் இருந்திருக்கும். அவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தர அவர் வரவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டும்தான் இருக்கும். மொத்த இசையும் ஒரே தாளில் இருப்பது கண்டக்டர் முன்னால். அதிகாரம் அந்தப் பார்வைக்குத்தான். ஆனால் சத்தம்? அது அவர்களுடையது.

நான் 27 வயதில் டீம் லீட் ஆனேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்-ஐப் பிடித்தார். மறுநாள் மீட்டிங்கில் "சரி பண்ணிட்டேன்" என்றேன். "பண்ணிட்டோம்" என்றுகூட வாயில் வரவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை.

கச்சேரி முடிந்ததும் கண்டக்டர் கைகாட்டி வாத்தியக்காரர்களை எழுந்து நிற்கச் சொல்வார். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். அது கடனைத் திருப்பிக் கொடுப்பது.

ஏற்காட்டில் இறங்கி அவருக்கு போன் போட்டு, அந்த மீட்டிங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அந்த ரெண்டு ராத்திரியா? அதையெல்லாமா தம்பி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்றார்.

அவருக்கும் ஞாபகம் இருந்தது.