யாருடைய கண்?

ஓவியத்தின் அழகை ஆராயும் நாம், அது யாருடைய கண்ணுக்காகத் தீட்டப்பட்டது என வினவுவது அரிது. அவ்வாறு வினவுவதும் அறக்கடமையே என்பது என் எண்ணம்.

1866-இல் பிரெஞ்சு ஓவியர் கூர்பே, தழுவித் துயிலும் இரு பெண்களைத் தீட்டினார். பொருள் தந்து அதனை வரைவித்தவர் காலில் பே என்னும் துருக்கியச் செல்வர். தூரிகைத் திறத்தில் குறை கூறுவாரில்லை. ஆயினும், துயிலெழுந்தபின் அப்பெண்கள் உலை வைப்பரோ, வாடகைக்குக் கவலையுறுவரோ? அவ்வினா அச்செல்வருக்குத் தேவைப்படவில்லை. ஓவியமும் விடை கூறவில்லை.

நூறாண்டு கடந்தபின், அமெரிக்காவில் ஜோன் பைரன் என்னும் பெண்மணி ஒளிப்படக் கருவியை ஏந்தினார். பெண்ணை விரும்பும் பெண்ணாகிய தம்மைப் போன்றோரை உள்ளவாறு காட்டும் படங்களை அவர் கண்டதில்லை. எனவே, 1970-இல் தம் துணைவியை முத்தமிடும் படத்தைத் தாமே எடுத்தார். 1979-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் பெண்கள் உழைக்கின்றனர், குழந்தைகளை அணைத்திருக்கின்றனர், அருகருகே அமர்ந்திருக்கின்றனர்.

அன்று முகங்காட்டுதல் எளிதாக இல்லை. 1953-ஆம் ஆண்டின் ஆணையொன்றால் அமெரிக்க நடுவண் அரசுப் பணியாளர் பலர் இத்தகைய அன்பின் பொருட்டே வேலையிழந்தனர். 1975-இல்தான் பெரும்பாலான குடிமைப் பணிகளில் அத்தடை நீங்கியது. அதன் பின்னரும் தாய்மார் சிலர் நீதிமன்றங்களில் மக்களை இழந்தனர். கோப்புகளோடு காலங்கழிக்கும் அரசு எழுத்தராகிய என் நெஞ்சை இச்செய்தி சுடுகிறது.

அகவாழ்வை ஊரறியக் காட்டலாமோ எனச் சான்றோர் வினவக்கூடும். அகத்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறியன்றோ? அந்நெறியை நானும் போற்றுகிறேன். பெயர் மறைவதால் அக்காதல் எல்லோர்க்கும் உரியதாகிறது. ஆனால், இப்படியும் மாந்தர் உளர் என்பதையே உலகம் ஒப்பாதவிடத்து, பெயரின்மை அம்மறுப்புக்கே துணைபோகும். ஆகவே, மறைவதா வெளிப்படுவதா எனத் தெரிந்துகொள்ளும் உரிமை படத்தில் நிற்பவருக்கே உரியது. பைரன் அவர்தம் இசைவு பெற்றே படங்களை வெளியிட்டார். கூர்பேயின் ஓவியத்திலோ அவ்வினாவே எழவில்லை.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் ஒருபால் உறவு குற்றமாகாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தண்டனையை நீக்கும். அண்டை வீட்டாரை அண்டை வீட்டாராகவே காணும் கண்ணை அதனால் தர இயலாது. உலை கொதிக்கும் அடுப்பருகே இரு பெண்கள் நிற்கும் எளியதொரு படம் அக்கண்ணைத் தரக்கூடும். காண மறுப்பதும் ஒரு தீர்ப்பே. அதனை நாம் வழங்காதிருப்போமாக.